கதையும் கலையும் தனித்த உயிர்க்குச் சார்பாமாறு

திருச்சிற்றம்பலம்

தோற்றுவாய்

கல்வியின்பொருட்டு ஊரும் உறவும் நீங்கி உறைதல் தமிழ்மக்கட்குப் புதுவதன்று. நல்லாசிரியர் இருக்குமிடந் தேடிச்சென்று, அவர் இல்லத்திலேனும் திருமடத்திலேனும் தங்கி, யாண்டு பல கழிய நின்று கற்றல் நம் முன்னோர்க்கு இயல்பாயிருந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் திருப்பெருந்துறைப் புராணத்தை இவ்வாவுடையார்கோவிலில் அரங்கேற்றிய ஞான்று, பாடங்கேட்கும் மாணவராய் உடன்வந்திருந்தவர் பிற்காலத்தே மகாமகோபாத்தியாயராய் விளங்கிய உ. வே. சாமிநாதையரவர்கள். அது பிள்ளையவர்கள் 1876-ல் சிவபதமடைதற்குச் சில யாண்டுகள் முன்னர் நிகழ்ந்தது. அங்ஙனம் அகன்றுறைந்த மாணவர்க்கு ஊர் மாறினும் மொழி மாறவில்லை. வீடு மாறினும் கோயில் மாறவில்லை. தாய் அருகில்லையாயினும் ஆசிரியர் தாயாயிருந்தார்.

இக்காலத்து மாணவர் நிலை அதனின் வேறாகியது. பிறநாடுகளிற் சென்று கற்கும் இந்திய மாணவர் தொகை 13 இலட்சத்தின் மேற்பட்டதென 2024-ல் இந்திய அரசினர் பாராளுமன்றத்தில் அறிவித்தனர். அவருள் தமிழ்நாட்டுச் சிறாரும் மிகப் பலர். மொழி, உணவு, தட்பவெப்பம், பழகுமுறை யாவும் மாறிய நாட்டில், பெற்றோர் பட்ட கடனை நினைந்து நெஞ்சு சுமந்து, ஒற்றையறையில் இரவுகழிக்கும் இளைஞர் நிலை எளியதன்று. 2020-ல் பெருந்தொற்றுப் பரவிய காலத்தும், 2022-ல் உக்ரேன் நாட்டிற் போர் மூண்ட காலத்தும், ஊர்திரும்ப வழியின்றி அவர் பட்ட துயரம் உலகறிந்தது.

இனி, விரும்பிச் சென்றாரேயன்றித் துரத்தப்பட்டு வந்த மாணவரும் உளர். 1983-ல் ஈழத்தில் நிகழ்ந்த கொடுமைக்குப்பின் கடல்கடந்து தமிழ்நாடு புகுந்தோர்தம் மக்கள் நம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பயின்றனர், இன்றும் பயில்கின்றனர். இப்புதுக்கோட்டை மாவட்டத்திலேயே அழியாநிலை, தோப்புக்கொல்லை, லேனாவிளக்கு என்னும் இடங்களில் அவர் முகாம்கள் உள. அம்முகாம்கட்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்னும் பெயரைத் தமிழ்நாட்டரசினர் 2021-ல் வழங்கினர்.

இத்தகைய மாணவர்க்குக் கதை கூறியும், கூறுவித்தும், ஓவியம் இசை கூத்து என்பவற்றிற் பயிற்றியும் உளத்திட்பம் வளர்த்தல் கூடுமென்று கல்வியாளர் பலர் இந்நாளிற் கூறுகின்றனர். பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் அம்முறையைக் கையாண்டும் வருகின்றனர். இது நம் சித்தாந்த நூல்களோடு ஒக்குமோ? கதையும் கலையும் தளர்ந்த உயிர்க்கு உண்மையான வலிமை தருமோ, வெறும் மயக்கமே தருமோ? தருமாயின் அஃது எவ்வாற்றான்? இவ்வினாக்களைத் திருப்பெருந்துறை வரலாற்றைத் துணைக்கொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் கருத்தாகும்.

உளத்திட்பம் இன்னதென்பது

ஆராய்ச்சியுட் புகுமுன் உளத்திட்பம் என்னுஞ் சொற்பொருளை வரையறுத்தல் வேண்டும். துன்பம் வந்துழி உணர்வற்றுக் கல்லென இறுகிக் கிடத்தல் திட்பமன்று, அது மடமை. துன்பமே இல்லையென்று தன்னைத்தான் ஏமாற்றிக்கோடலும் திட்பமன்று, அது பொய்ம்மை. வெள்ளம் மேற்செல்லச் சாய்ந்த நாணல் வெள்ளம் வடிந்தபின் வேரூன்றி நின்று நிமிர்தல்போலத் தாக்குண்ட உள்ளம் தன்னிலை கெடாது மீளுந் தன்மையே திட்பமெனப்படும். நாணலை மீட்பது அதன் தண்டின் வன்மையன்று, வேரின் பற்று. எனவே திட்பம் என்பது தனித்து நிற்கும் ஆற்றலன்று. நல்லதொன்றைப் பற்றிநிற்கும் ஆற்றல் என்க. இவ்வேறுபாடு பெரிது. 'எவர் துணையும் வேண்டேன், யானே வல்லேன்' என்பது ஆணவத்தின் கூற்று. அதனைத் திட்பமெனக் கற்பித்தல் நோய்க்கு நஞ்சூட்டுதலை ஒக்கும்.

தடைகள்

இனி, சைவ நன்மக்களுள்ளேயே இம்முறையை மறுப்பார் கூறுந் தடைகள் நான்கு.

ஒன்று: கதை புனைவு, புனைவு மெய்யன்று. மெய்யல்லாத ஒன்று மெய்யான துன்பத்தைத் தீர்த்தல் யாங்ஙனம்?

இரண்டு: இசையுங் கூத்தும் ஓவியமும் ஐம்புலன்களின்வழி நுகரப்படுவன. புலன்வழிச் செலவே கட்டிற்கு ஏதுவென நூல்கள் முழங்கவும், அப்புலன்களுக்கே இரையிடுதல் தகுமோ?

மூன்று: நம் புராணங்களும் திருமுறைகளும் வீடுபேற்றின்பொருட்டு எழுந்தன. தேர்விற் தேறுதற்கும், பொருளீட்டுதற்கும், மனச்சோர்வு நீங்குதற்கும் அவற்றைக் கருவியாக்குதல் பொற்கொழுக்கொண்டு வரகுக்கு உழுதலன்றோ?

நான்கு: துன்புறுவானை நோக்கித் 'தாங்கிக்கொள்' என்று கதை கூறுதல், அத்துன்பத்தை நீக்கக் கடமைப்பட்டோர் தங்கடமையினின்றும் நழுவுதற்கு வழியாகாதோ?

இந்நான்கனுள் முதலிரண்டும் தத்துவம் பற்றியன. பின்னிரண்டும் அறம் பற்றியன. நான்காந்தடை எல்லாவற்றினும் வலியுடைத்து. முறையே ஆராய்வாம்.

உயிரின் இயல்பும் கதையின் தொழிலும்

உயிர் ஒரு சார்பின்றி நில்லாது என்பதும், சார்ந்ததன் வண்ணமாதல் அதன் இயல்பு என்பதும் சித்தாந்தத்தின் அடிப்படைத் துணிபுகள். பளிங்கு தன்னையடுத்த பொருளின் நிறத்தைத் தன்னிறமாகக் காட்டுமாறுபோல, உயிர் மலத்தைச் சார்ந்துழி மலமயமாயும் அருளைச் சார்ந்துழி அருள்மயமாயும் நிற்கும். இவ்வுண்மையை நம் மாணவரிடத்து வைத்து நோக்குக. தாயும் ஊரும் மொழியுமாகிய பழைய சார்புகள் அகன்றன. புதிய சார்புகள் இன்னும் வாய்த்தில. இடைப்பட்ட அவ்வெறுமையில் உயிர் வாளா இராது; தனிமையையே சார்ந்து தனிமைவண்ணமாகும், அச்சத்தையே சார்ந்து அச்சவண்ணமாகும். எனவே அவ்வுயிர்க்கு வேண்டுவது அறிவுரையன்று, சார்பு. அறிவுரை புறத்தே நின்று சுட்டும். கதையோ உள்ளே புகுவித்துத் தன்னைச் சார்விக்கும். கண்ணப்பர் வரலாறு கேட்கும் சிறுவன் அவ்வேளை காளத்திமலையில் நிற்கின்றான். கல்லோடு பிணித்துக் கடலில் இடப்பட்ட நாவுக்கரசர் வரலாறு கேட்கும் மகள் அவ்வேளை அக்கடலில் மிதக்கின்றாள்; கரையேறவும் செய்கின்றாள். கேட்டு மீண்டபின்னும் அச்சார்பின் வண்ணம் உயிரிற் சிறிது தங்கும்.

கதை மெய்யன்று என்னும் முதற்றடைக்கு மெய்கண்ட தேவரே விடைதந்துள்ளார். சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரத்தில் உயிர் ஞானம் பெறுமாற்றை விளக்கப் புகுந்த ஆசிரியர், அருவமான அப்பொருளை ஒரு கதையின் வடிவில் வைத்தே உணர்த்தினார். அரசன் மகன் ஒருவன் வேடரிடைப் பட்டு வளர்ந்து, தன்னையும் வேடனென்றே எண்ணித் தன் மரபு மறந்திருந்தான். உண்மை உணர்த்துவார் வந்து உணர்த்த, மயக்கந்தீர்ந்து தந்தையை அடைந்தான். வேடர் என்றது ஐம்புலன்களை; மகன் என்றது உயிரை; உணர்த்துவான் என்றது குருவாய் வந்த இறைவனை. அவ்வரசன் எந்நாட்டான், எக்காலத்தான் என்று எவரும் வினவார். அவன் இருந்தானோ இல்லையோ, அவன் நிலை நம் நிலை என்பது மெய். கதையின் மெய்ம்மை நிகழ்ச்சியில் இல்லை. அது காட்டும் உறவில் உள்ளது என்பது இதனாற் பெறப்படும்.

அயல்நாட்டு மாணவர்க்கு இக்கதை எத்துணை அணித்து என்பதும் ஓர்க. ஆயினும் ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். வேடர் என்றது அயல்நாட்டு மக்களையென எவரும் பொருள்கொள்ளற்க. அம்மக்களும் நம்மனோர்போல் மறப்பும் நினைப்பும் உடைய உயிர்களே. மறக்கச் செய்வன புலன்களும் அவற்றின் ஆரவாரமும். அவை நம்மூரிலும் குறைவில்லை. வேற்றாரை இழித்துத் தன்னினத்தை உயர்த்தும் கதையால் வருவது திட்பமன்று, செருக்கு. அச்செருக்கு முதலடியிலேயே முறியும்.

கலையின் தொழில்

இரண்டாந்தடைக்கு விடைகூறுமுன் 'கலை' என்னுஞ் சொல்லை நோக்குதல் பயனுடைத்து. சித்தாந்தத்தில் அஃது ஒரு தத்துவத்தின் பெயர். ஆணவத்தால் அறிவு இச்சை செயல்கள் மறைப்புண்டு கிடந்த உயிர்க்கு, அசுத்தமாயையினின்றுந் தோன்றிய வித்தியாதத்துவங்களுள் கலை என்பது அம்மறைப்பை ஒருசிறிது ஒதுக்கிச் செயலாற்றலை எழுப்பும். வித்தை அறிவாற்றலையும், அராகம் இச்சையாற்றலையும் எழுப்பும். பெயரொப்புமை பற்றி ஓவியமுங் கூத்துமே அத்தத்துவம் என மயங்கற்க. ஆயினும் தொழிலொப்புமை உண்டு என்பது எம் கருத்து.

யாங்ஙனமெனின்: பெருந்துயர் மூடிய மாணவன்பால் முதலிற் கெடுவது செயல். படுக்கைவிட்டு எழான், உண்ணான், நூலைத் திறவான், வந்த மடலுக்கு விடையெழுதான். அவனுக்கு அறிவு இல்லாமலில்லை, செயல் எழவில்லை. அவனை ஒரு பதிகம் பாடச்செய்க. களிமண்ணால் ஓர் யானை பிடிக்கச்செய்க. அரிசிமாவால் வாயிலில் ஒரு கோலம் இடச்செய்க. அச்சிறு செயல் முடிந்தவழி 'யான் செய்தேன். செய்தல் எனக்கு இயலும்' என்னும் உணர்வு ஒருதுளி தோன்றும். மூடிய இருள் அத்துணைக்கு ஒதுங்கிற்று. இங்ஙனம் ஒருசிறிது ஒதுக்குதலே மாயாகாரியங்கள் உயிர்க்குச் செய்யும் உதவி. கதிரவன் எழுமளவும் கைவிளக்கு உதவுமாறுபோல, அருள் விளங்குமளவும் தனு கரண புவன போகங்கள் உதவுமென்பது நம் நூற்கொள்கை. கைவிளக்கைக் கதிரவனென்றல் பேதைமை. இருளில் அதனை அவித்து நடத்தலும் பேதைமையே.

புலன்களால் நுகரப்படுதலால் மட்டும் ஒன்று கட்டாகாது. அது செல்லும் திசையே கட்டும் வீடும் ஆக்கும். மகளிர் விளையாட்டாகிய அம்மானையும் ஊசலும் உந்தியும் தோணோக்கமும் மணிவாசகப்பெருமான் வாக்கிற் பட்டுத் திருவம்மானை, திருப்பொன்னூசல், திருவுந்தியார், திருத்தோணோக்கம் என ஞானப்பாக்கள் ஆயின. விளையாட்டை விலக்காமல் அதன் திசையை மாற்றினார் பெருமான்.

எக்கதை என்னும் வினாவும் இதனோடு எழும். சோழமன்னன் சீவகசிந்தாமணியில் ஈடுபட்டிருந்தமை கண்ட சேக்கிழார் பெருமான் 'கதை கேளற்க' என்று தடுத்திலர். திருத்தொண்டர் வரலாறாகிய வேறு கதையை எடுத்துக்கூறினார் என்பது மரபு. கதைக்கு மாற்று வெறுமையன்று, நற்கதை.

பெருந்துறையில் தனித்து நின்றவர்

இனி மூன்றாந்தடை. திருவருட்கதைகளை இவ்வுலகச் சிறுதுயர்க்குப் பயன்படுத்தலாமோ என்பதற்கு, இத்தலத்து நிகழ்ந்த வரலாற்றையே விடையாகக் கொள்வாம்.

பாண்டியன் அமைச்சராய்க் குதிரைகொள்ளப் பொருளோடு வந்த திருவாதவூரர், குருந்தமரத்து நிழலில் குருவடிவாய் எழுந்தருளியிருந்த இறைவனைக் கண்டு ஆட்பட்டார். கொணர்ந்த பொருள் திருப்பணிக்காயிற்று. பின்னர் நரிகள் பரியானதும், பரிகள் நரியானதும், வைகை பெருகியதும், பிட்டுக்கு மண்சுமந்ததும் யாவரும் அறிந்தன. ஈண்டு நாம் நோக்கற்பாலது அவற்றின்பின் நிகழ்ந்தது. அடிகள் மீண்டும் பெருந்துறை அடைந்து குருமூர்த்தியோடு உறைந்த காலத்தில், அம்மூர்த்தி உடனிருந்த அடியாரோடு மறைந்தருளி, இவரைமட்டும் இந்நிலத்தே நிறுத்திச் சென்றார் எனத் திருவாதவூரடிகள் புராணம் கூறும். உற்றாரும் பதவியும் முன்னரே நீங்கினர். உற்ற ஒரே சார்பும் இப்போது கண்மறைந்தது. இதனினும் தனிமை வேறு யாது?

அந்நிலையில் அடிகள் செய்தது யாது? வாய்மூடித் தாங்கியிருந்தாரல்லர். அழுதார், அரற்றினார், முறையிட்டார். 100 பாடல்களையுடைய திருச்சதகம் இப்பெருந்துறையிற் பிறந்தது. பின் உத்தரகோசமங்கை சென்று, விட்டுவிடாதே என்னும் ஒரே வேண்டுகோளை 50 பாடல்களில் மடக்கி மடக்கி விண்ணப்பித்தார். அதுவே நீத்தல் விண்ணப்பம். 51 பகுதிகளையுடைய திருவாசகத்துள் பெரும்பகுதி பிரிந்து நின்ற உயிரின் குரலே. உள்ளத்துன்பத்தை வெளியிடுதல் திட்பமின்மை எனக் கருதுவார் இதனை ஊன்றி நோக்குவாராக. சொல்லாத துயரம் உயிரைத் தன்வண்ணமாக்கும். சொல்லப்பட்ட துயரம் சொல்லின்வழி தலைவனைச் சார்விக்கும். துயரத்துக்கு ஒரு வடிவு தருதலே கலையின் முதற்பயன்.

குருமூர்த்தி மறைந்ததும் அருளே என்பர் பெரியோர். மறைத்தலும் ஐந்தொழிலுள் ஒன்று. ஆயின், அதனை அறிந்து கூறற்குரியார் துன்பத்தைக் கடந்தவரே. துன்பத்துள் நிற்கும் இளைஞனிடஞ் சென்று 'இதுவும் அருளே' என்று கூறுதல், புண்ணின்மேற் கோலிடுதலாகும். அடிகட்குமே அது பாடிப்பாடித் தில்லையை அடைந்த பின்னரே முற்றும் விளங்கிற்று. எனவே கதைசொல்வார் கதையைச் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்பாராக. பொருள் கேட்டவன் உள்ளத்தில் அவனுக்குரிய காலத்தில் விளையும்.

திருவருட்கதை சிறுதுயர்க்குத் தகாதென்பார் வந்தியின் வரலாற்றை மறந்தனர் போலும். அம்மூதாட்டி கேட்டது வீடுபேறன்று; தன் பங்குக் கரையை அடைத்தற்கு ஒரு கூலியாள். அச்சிறு வேண்டுகோளுக்கு இறைவன் கூடை தலைக்கொண்டு வந்தான். உதிர்ந்த பிட்டைக் கூலியாகவும் ஏற்றான். ஆதலின், மொழி தெரியாத நாட்டில் தேர்வச்சத்தால் நடுங்கும் ஒரு சிறுமியின் துயர்க்கு அவன் கதை உதவுதல் அவனுக்குச் சிறுமையன்று.

பிரம்படி கற்பிப்பது

நான்காந்தடைக்கு விடை அவ்வரலாற்றிலேயே உள்ளது. மண்சுமந்தான்மேல் பட்ட அடி மன்னன்மேலும் பட்டது. மற்றெல்லா உயிர்மேலும் பட்டது. கூலியாளைத் 'தாங்கிக்கொள்' என்று கூறும் கதையன்று இது. அவன் முதுகிற் பட்டது தன் முதுகிலும் பட்டதென்று மன்னனை உணர்விக்கும் கதை. எனவே இக்கதையைத் துன்புறுவோர்க்கு மட்டும் கூறுதல் அதனைப் பாதியாக்குதல். துன்பத்தை நீக்கும் ஆற்றலுடையார்க்கும் கூறல் வேண்டும். மாணவன் பசித்திருப்ப அவனுக்குக் கதை கூறுதல் அறமன்று. முதலில் உணவு, பின்னரே கதை. கட்டணத்தால் கசக்கப்படுவானுக்கும், தங்குமிடத்தில் இழிவுசெய்யப்படுவானுக்கும், குடியுரிமைத்தாளின்றித் தவிப்பானுக்கும் வேண்டுவது நீதி. மனநோய் முற்றியவனுக்கு வேண்டுவது மருத்துவன். இவற்றுக்கு ஈடாகக் கதையை நீட்டுவார் கதையையும் கெடுத்து மாணவனையும் கெடுப்பர். இவையெல்லாம் செய்தபின்னும் எஞ்சிநிற்கும் ஒரு துயரம் உண்டு. நள்ளிரவில், எவரும் உதவ இயலாத இடத்தில், உயிர் தன்னைத்தானே எதிர்ப்படும் துயரம் அது. கதையும் கலையும் உரியன அவ்விடத்துக்கே.

ஈழத்துப் பெண்ணும் திருச்சாழலும்

கதையால் ஒருவர்க்குத் திட்பம் தருமாறு எங்ஙனம் என்பதற்கும் அடிகள் வரலாற்றில் அரியதோர் சான்று உண்டு. ஈழநாட்டு மன்னன் பேசாத தன் மகளைத் தில்லைக்கு அழைத்துவந்தான். புத்தகுரவர் வாதில் தோற்றபின், அவர் எழுப்பிய வினாக்களுக்கு அப்பெண்ணையே விடைகூறுமாறு அடிகள் பணிப்ப, அவள் வாய்திறந்து விடையிறுத்தாள். அதுவே 20 பாடல்களில் திருச்சாழலாயிற்று என்பது மரபு. இறைவன் ஏன் சுடலையில் ஆடுகின்றான், ஏன் நஞ்சுண்டான் என்றாற்போலக் கதைகளைப்பற்றி ஒருத்தி எள்ளி வினவ, மற்றொருத்தி விடைகூறும் மகளிர் விளையாட்டின் வடிவில் அது அமைந்துள்ளது.

இதில் நாம் கற்கற்பாலன மூன்று. அப்பெண் கடல்கடந்து வந்தவள். மொழியும் சூழலும் அவளுக்குப் புதியன. அடிகள் அவளுக்கு நீண்ட உரை நிகழ்த்தவில்லை. வினாவை அவள்முன் வைத்து, விடைகூறும் பெருமையை அவளுக்கே தந்தார். அவ்வினாக்களும் எளியனவல்ல; நம் சமயத்தை இகழ்வார் எழுப்பும் கடுவினாக்கள். வேற்றுநாட்டில் கற்கும் நம் மாணவரை நோக்கி 'உங்கள் தெய்வம் ஏன் இங்ஙனம்? உங்கள் வழக்கம் ஏன் அங்ஙனம்?' என்று உடன்பயில்வோர் வினவுவர். விடையறியாதவன் நாணித் தன்னை மறைப்பான், அம்மறைப்பே ஊமைமை. விடையைக் கதையாகக் கூறத் தெரிந்தவன் சினமும் நாணமும் இன்றி நிற்பான். ஆதலின் கேட்பித்தலினும் சொல்வித்தல் சிறந்தது என்பது தில்லையில் நிகழ்ந்த பாடம்.

அண்மைக்காலச் சான்றுகள்

புராணச் சான்று போதாதென்பார்க்கு அண்மைக்கால நிகழ்ச்சிகளும் உள. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் புதுக்கோட்டை, திருச்சி, இராமநாதபுரம், சேலம் முதலிய பகுதிகளினின்றும் இலங்கை மலைத்தோட்டங்கட்குக் கூலிகளாய்ச் சென்றோர், கைப்பொருள் ஏதுமின்றிச் சென்றும், காமன்கூத்தையும் பொன்னர் சங்கர் கதையையும் அருச்சுனன் தபசையும் நெஞ்சில் வைத்துச் சென்றனர். லயம் எனப்படும் நீள்குடிலின் முற்றத்தில் அவற்றை ஆடியே தாம் இன்னார் என்பதனை மறவாதிருந்தனர். இன்றும் அக்கூத்துக்கள் ஆண்டு நிகழ்கின்றன.

யாழ்ப்பாணத்தில் போர்மேகம் சூழ்ந்த 1985-ல், குழந்தை ம. சண்முகலிங்கம் அவர்கள் எழுதி, க. சிதம்பரநாதன் அவர்கள் நெறிப்படுத்திய 'மண் சுமந்த மேனியர்' என்னும் நாடகத்தைப் பல்கலைக்கழக மாணவர் ஊர்தோறும் சென்று நடித்தனர். அப்பெயர் வைகைக்கரை வரலாற்றை நினைப்பிப்பது என்பதை அன்பர்கள் உணர்வார்கள். அம்மக்கள் தம் துயரத்தைக் கூறப் புதுச்சொல் தேடினாரல்லர்; பெருந்துறைப் பெருமான் வரலாற்றொடு பட்ட சொல்லையே எடுத்து அதில் தம் துயரத்தை வைத்தனர். மட்டக்களப்பில் 1996-ல் வண்ணத்துப்பூச்சியின் பெயரால் ஓர் அமைதிப்பூங்கா தொடங்கப்பெற்றது. போரால் தாக்குண்ட தமிழ்ச் சிறாரும் முசுலிம் சிறாரும் அங்கு ஒருங்குகூடிக் கதை புனைந்தும், மண்ணால் உருச்செய்தும், வண்ணந்தீட்டியும், பாடியும் ஆடியும் பயின்றனர். சமயம் வேறாகியும் துயரம் ஒன்றாதலின் கலை அவர்க்குப் பொதுமொழியாயிற்று.

கடல்கடந்த கதை பிறர்க்கும் சார்பாகும் என்பதற்கு ஜி. யு. போப் அவர்களே சான்று. 1839-ல் இளைஞராய்த் தமிழ்நாடு போந்து தமிழ் கற்ற அவர், பின்பு ஆக்சுபோர்டிற் றமிழாசிரியராயிருந்து, தம் எண்பதாம் அகவையில், 1900-ல், திருவாசகத்தை ஆங்கிலமாக்கி வெளியிட்டனர். சமயத்தால் வேறாயினும், தனித்து நின்ற உயிரின் குரல் அவருள்ளத்தை எட்டியது.

திருக்கோயிலே விடை

இவ்வாராய்ச்சி முழுவதற்கும் தொகுப்புரையாக அமைந்துளது ஆவுடையார்கோவில் திருக்கோயில். இங்கு நுழைவார் முதலிற் காண்பது கதையும் கலையுமே. கல்லை மரமென மயங்கச்செய்யும் கொடுங்கைகள், மரச்சட்டமும் ஆணியும் கல்லிற் பிறந்தனவோ என வியப்பிக்கும் நுண்பணி, பரிமேல் இவர்ந்த வீரர், குறவன் குறத்தி, அடிகள் வரலாறு கூறும் ஓவியங்கள். சிற்பிகள் பணி ஏற்குங்கால் 'ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக' என்று முறியெழுதுவர் என்பது நாட்டில் வழங்கும் செய்தி. இவற்றைக் கடந்து உட்செல்வார் கருவறையிற் காண்பது யாது? இலிங்கத் திருவுரு இல்லை. ஆவுடையார் மட்டுமே உளது. அம்மைக்கும் திருவுருவம் இல்லை, யோகபீடமே உளது. நந்தியும் இல்லை, கொடிமரமும் இல்லை. புழுங்கலரிசிச் சோற்றினின்றும் எழும் ஆவியே ஆன்மநாதர்க்கு நிவேதனம்.

புறத்தே உருவம் நிறைந்தும் அகத்தே உருவம் இன்றியும் இக்கோயில் அமைந்தது எதனை உணர்த்தும்? கதையும் கலையும் மண்டபம், அவை கருவறையல்ல. மண்டபத்தை இகழ்ந்து இடிப்பார்க்குக் கருவறைக்கு வழியில்லை. மண்டபத்திலேயே மயங்கி நின்றார்க்கும் கருவறை இல்லை. உருவற்ற ஒன்றை எடுத்தவுடன் சாரமாட்டாத உயிர், கல்லிற் செதுக்கிய கதையைக் கைப்பற்றி மெல்ல நடந்து, முடிவில் கதையையும் விட்டு நிற்கும். திட்பத்தின் முடிந்த நிலை இன்பதுன்பங்களை ஒப்பநோக்கும் இருவினையொப்பு. அதற்கு வாயிற்படியாய் நிற்பதே நம் மாணவர்க்கு நாம் விழையும் உளத்திட்பம்.

செயற்பாலன

ஆதலின் திருமடங்களும் பாடசாலைகளும் பெற்றோரும் செய்யற்பாலன சில கூறி அமைவாம். அயல்நாடு செல்லும் பிள்ளைக்குப் பெட்டியில் ஊறுகாயும் பொடியும் வைத்தனுப்புவார், நெஞ்சில் நான்கு கதைகளும் இரண்டு பதிகங்களும் வைத்தனுப்புவாராக. அவற்றைக் கேட்டறிந்தால் போதாது. பிறர்க்குக் கூறவும் பாடவும் பயின்றிருத்தல் வேண்டும். அயல்நாட்டுத் தமிழன்பர் திங்கட்கொருமுறை திருவாசக முற்றோதல் நடத்துவாராயின், அங்குப் புதிதாய் வந்த மாணவரைக் கேட்போர் வரிசையில் அமர்த்தாமல், ஒரு பாடலேனும் முன்னின்று ஓதுமாறு செய்வாராக. முகாம்களில் வளரும் ஈழத்துச் சிறாரிடம் நாம் கதை கூறச் செல்லும்போது, அவர்பால் கேட்டறியவும் செல்வோமாக. அவர் கொணர்ந்த கதைகள் நம்மிடம் இல்லை. இனி, நம் கல்லூரிகளிற் பயிலவரும் ஆப்பிரிக்க நாட்டாரும் நேபாள நாட்டாரும் பிறரும் நமக்கு விருந்தினர். அவர்தம் பாட்டும் கூத்தும் நம் அவையில் இடம்பெறுதல் வேண்டும். தன் கதையைக் கேட்பார் ஒருவர் உளர் என்று அறிந்த உயிர் அரைத்துயரம் நீங்கும்.

முடிபு

உயிர் தனித்து நில்லாது. ஒன்றைச் சார்ந்தே நிற்கும். கதை அவ்வுயிர்க்கு நல்லதோர் சார்பைக் காட்டும். கலை அதன் செயலை எழுப்பும். இரண்டும் கைவிளக்கு, கதிரவனல்ல. பிறர் துயரைத் துடையாதார் அவற்றைக் கையாளற்குரியரல்லர். சார்பிழந்து நின்ற ஒருவர் இப்பெருந்துறையில் அழுத அழுகை, நூற்றாண்டுகள் பல கடந்தும், எந்நாட்டில் எவ்வறையில் தனித்திருப்பார்க்கும் துணையாய் நிற்கின்றது. அத்துணையை நம் பிள்ளைகள் கையிற் சேர்ப்பித்தல் நம் கடன்.

திருச்சிற்றம்பலம்